பிடித்தம்: ஓர் எதிர்வாதத்தின் வடசென்னை வரலாறு

மாதவரம் லாரி புக்கிங் ஆபீஸ்களில் 'பிடித்தம்' என்ற சொல்லைக் கேட்காமல் அரை மணி நேரம் உட்கார முடியாது. சரக்கு ஏற்றும்போது அட்வான்ஸ், இறக்கிய பிறகு பாக்கி வாடகை என்பது அங்கே நடைமுறை. இறக்கும் இடத்தில் மூட்டை குறைந்தால் ஷார்ட்டேஜ், நனைந்தால் டேமேஜ். எதுவானாலும் அந்தத் தொகையைப் பாக்கியில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் வைப்பார்கள். லாரிக்காரர் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொள்வார். எப்போதாவது ஒருவர் முழு வாடகை கேட்டு வழக்குப் போடுகிறார். அன்று வரை பழக்கமாக இருந்த பிடித்தம், அன்று முதல் சட்டத்தின் முன் தன்னை நிரூபிக்க வேண்டிய எதிர்வாதமாகிவிடுகிறது.

ஆங்கிலோ-அமெரிக்கச் சட்டம் இதை ரீகூப்மென்ட் என்கிறது. பழைய பிரெஞ்சில் அதன் மூலச் சொல்லுக்கு 'திரும்ப வெட்டுதல்' என்று பொருள். கேட்கும் தொகையை அதே பேரத்தின் குறையைக் காட்டி வெட்டிக் குறைப்பதே அதன் வேலை. இதற்கு உறவான இன்னும் இரண்டு உண்டு. செட்-ஆஃப் என்ற எதிரீட்டில் இரண்டு தனித்தனிக் கடன்கள் ஒன்றுக்கொன்று கழிகின்றன. அவை ஒரே பேரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எதிர்க்கோரிக்கையில் பிரதிவாதியே வாதியைப் போல மேலதிகமாகவும் கேட்கலாம். ரீகூப்மென்ட் கேடயம் மட்டுமே. வாடகைப் பாக்கி 40,000 ரூபாய், சரக்குச் சேதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரதிவாதி 40,000 வரை தப்பிக்கலாம். மிச்சம் 20,000 வேண்டுமென்றால் அவர் வேறு வாசலில் நுழைய வேண்டும். இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ரீகூப்மென்ட் என்ற பெயரில் ஒரு விதியும் கிடையாது. ஆனாலும் அந்தக் கருத்து இங்கே வேரூன்றியது. அதற்கு நிலம் தந்த நீதிமன்றங்களில் முக்கியமானது சென்னை உயர்நீதிமன்றம்.

இங்கிலாந்தில் எதிரீடு சட்டமானதன் பின்னணி சிறைச்சாலை. கடன்காரர்களை உள்ளே தள்ளிய காலம் அது. தனக்கு வரவேண்டிய கடன் வெளியே இருந்தும் தான் கொடுக்கவேண்டிய கடனுக்காக ஒருவன் சிறையில் கிடப்பது அபத்தம் என்று கண்டு, 1729-இல் கடனாளிகள் நிவாரணச் சட்டத்தில் பரஸ்பரக் கடன்களைக் கழிக்க இடம் கொடுத்தார்கள். 1735-இல் அது நிலைபெற்றது. ஆனால் அது நிச்சயமான கடன்களுக்கு மட்டும். வேலையில் குறை இருந்தால் விலையைக் குறைக்கலாம் என்பதை 1841-இல் மாண்டல் எதிர் ஸ்டீல் வழக்கு தெளிவாக்கியது. பொருத்தமாக, அது ஒரு கப்பல் கட்டிய வழக்கு. கட்டுமானக் குறைக்காக விலையில் முன்பே குறைப்புப் பெற்ற உரிமையாளர், அந்தக் குறையால் பின்னால் வந்த வேறு நஷ்டத்துக்குத் தனியாக வழக்குத் தொடரலாமா என்பது கேள்வி. தொடரலாம் என்றது நீதிமன்றம். விலைக்குறைப்பு வேறு, பின்விளைவு நஷ்டம் வேறு.

சென்னைக்கு ஆங்கிலச் சட்டம் வந்த ஆண்டாக 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தைச் சொல்வது வழக்கம். எதிரீட்டுச் சட்டம் பிறந்ததோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து; ஆகவே அது அந்தச் சாசனத்தோடு இங்கே வந்திருக்க முடியாது. இந்தச் சிறு இடைவெளியை நான் வேடிக்கைக்காகக் குறிப்பிடவில்லை. எதிரீட்டுக்கான உரிமை எழுத்துச் சட்டத்திலிருந்து மட்டுமே வருகிறதா, நியாயநெறியிலிருந்தும் வருமா என்பதுதான் பின்னால் இங்கே எழுந்த கேள்வியும். இன்னொரு பிளவும் இருந்தது. கம்பெனி காலத்தில் நகர எல்லைக்குள் சுப்ரீம் கோர்ட், வெளியே கம்பெனியின் மாகாண நீதிமன்றங்கள். மாதவரம் அந்த எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். (1997-இல் அது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய், 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. மாநகராட்சியில் 2011-இலேயே சேர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.) 1862-இல் உயர்நீதிமன்றம் வந்தபோதுதான் இரு கிளைகளும் ஒரு கூரையின் கீழ் வந்தன.

1859-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு எதிரீட்டுக்கு இடம் கொடுத்தது. ஆனால் கடனுக்கு எதிராகக் கடனை மட்டுமே. 1865-இல் கிளார்க் எதிர் ரத்னவேலு செட்டி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த வேலியைத் தாண்டியது. பரஸ்பரக் கடன் வரவு இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, எதிரெதிர்க் கோரிக்கைகள் ஒரே கொடுக்கல் வாங்கலில் பிறந்திருந்தாலோ, ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தாலோ எதிரீடு உண்டு என்றது. தொகை நிச்சயமாகாத நஷ்டத்துக்கும் இதன்படி கதவு திறந்தது. நியாயநெறி எதிரீடு என்று இந்தியச் சட்டநூல்கள் இன்றுவரை பேசுவதற்கெல்லாம் இந்தத் தீர்ப்புதான் மேற்கோள். அமெரிக்கர்கள் ரீகூப்மென்ட் என்று தனிப்பெயரிட்டு வளர்த்ததை நாம் எதிரீட்டின் வீட்டுக்குள்ளேயே ஒரு திண்ணை கட்டி உட்கார வைத்தோம் என்பது என் வாசிப்பு.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இந்தத் திண்ணையை இடிக்கவில்லை. கட்டளை 8, விதி 6 எதிரீட்டை நிச்சயமான தொகைக்கே கட்டுப்படுத்துகிறது. அதன் கீழே உள்ள ஓர் உதாரணம் மாதவரத்துக்காகவே எழுதியது போலிருக்கும்: 500 ரூபாய் உண்டியலுக்கு வழக்கு, என் சரக்கை இன்ஷூர் செய்யாமல் விட்டாய், அந்த நஷ்டத்தைக் கழி என்கிறான் பிரதிவாதி, தொகை நிச்சயமில்லாததால் கழிக்க முடியாது என்கிறது சட்டம். ஆனால் கட்டளை 20, விதி 19-இன் மூன்றாம் உட்பிரிவு, விதி 6-இன்படியோ 'வேறு வகையிலோ' ஏற்கத்தக்க எதிரீட்டைப் பற்றிப் பேசுகிறது. சென்னைத் தீர்ப்பின் மரபு உள்ளே வந்தது இந்த இரண்டு சொற்களின் வழியாக. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவோ இன்னும் வெளிப்படையானது. உத்தரவாதம் மீறப்பட்டால் வாங்கியவர் அதை விலையைக் குறைக்கவோ, முற்றிலும் இல்லாமலாக்கவோ எதிர்வாதமாக வைக்கலாம். மேலும் நஷ்டம் இருந்தால் தனியாக வழக்கும் போடலாம். மாண்டலின் கப்பல் இப்படி இந்தியச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

கப்பல் என்றதும் ஒரு முரணைச் சொல்லாமல் விட முடியாது. கப்பல் வாடகையில் சரக்குச் சேதத்தைப் பிடிக்கக் கூடாது என்பது ஆங்கிலக் கடல்வணிகச் சட்டத்தின் பிடிவாதமான விதி. 1977-இல் 'ஏரீஸ்' வழக்கில் பிரபுக்கள் சபை அதை மறுபடி உறுதி செய்தது. வாடகையை முழுதாகக் கொடு, பிறகு வழக்குப் போடு. அங்கே நீதிமன்றங்கள் இதைத் தரைவழிப் போக்குவரத்துக்கும் நீட்டின. மாதவரத்து வழக்கமோ இதற்கு நேர் எதிர்: முதலில் பிடி, அப்புறம் பேசு.

பிடித்தத்தின் இருண்ட பக்கம் இங்கேதான் தெரிகிறது. பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே நீதிபதியாகிவிடுகிறார். இதை உச்ச நீதிமன்றம் அரசு ஒப்பந்தங்களில் நேரடியாகச் சந்தித்தது. 1974-இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில், நஷ்டஈட்டுக் கோரிக்கை என்பது தீர்ப்பாகும் வரை கடனே அல்ல, ஆகவே வேறு பில்களிலிருந்து அதை எடுத்துக்கொள்ள அரசுக்கு உரிமையில்லை என்றது. 1983-இல் கமாலுத்தீன் அன்சாரி வழக்கில் அதில் ஒரு பகுதியைத் திருத்தியது. ஒப்பந்தப் பிரிவு இடம் கொடுத்தால் பணத்தை நிறுத்தி வைப்பதைத் தடுக்க முடியாது என்றது. நிறுத்தி வைப்பது வேறு, எடுத்துக்கொள்வது வேறு என்பது நுட்பமான வேறுபாடுதான். ஆனால் சம்பளத் தேதியில் பில் பணத்துக்காகக் காத்திருக்கும் பட்டறைக்காரருக்கு இரண்டும் ஒன்றே. 1987-இல் ரைஸ் மில் வழக்கொன்றில், ஒப்பந்த மீறல் நடந்ததா என்பதே தகராறாக இருக்கும்போது ஒரு தரப்பே நஷ்டத்தைத் தீர்மானிக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

நடைமுறையில் கட்சிக்காரர் முதலில் கேட்பது கோர்ட் ஃபீஸ் பற்றி. 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, எதிரீட்டுக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் பிராதுக்குரிய கட்டணத்தையே கேட்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 1976 திருத்தம் விதி 6ஏ முதலானவற்றைச் சேர்த்து எதிர்க்கோரிக்கைக்கு வழி திறந்தபோது இந்தச் செலவும் கூடவே வந்தது. காலவரம்பும் அப்படித்தான். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் எதிரீட்டைத் தனி வழக்காகவே பாவிக்கிறது. ஆனால் வாதியின் வழக்கு நாளில் போடப்பட்டதாகக் கொள்கிறது. எதிர்க்கோரிக்கைக்கோ அதை நீதிமன்றத்தில் வைத்த நாள்தான் கணக்கு. லாரிச் சரக்குக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சேதத்துக்கு வழக்குப் போடுவதற்கு முன், புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

வடசென்னைப் பட்டறைகளுக்கு இன்று மிக நெருக்கமான சட்டம் 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்தவர் 45 நாளில் பணம் கேட்கலாம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதற்குப் பிறகு வரும் 'டெபிட் நோட்டு' எந்த அளவுக்கு நிற்கும் என்பதைப் பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் வாங்கியவரின் வாயை இந்தச் சட்டம் அடைக்கவில்லை. 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் எதிர் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் வழக்கில், இந்தச் சட்டத்தின் கீழான நடுவர் விசாரணையிலும் எதிரீடும் எதிர்க்கோரிக்கையும் ஏற்கத்தக்கவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 ஜனவரி 3-இல் பார்தி ஏர்டெல் வழக்கில் கேள்வி நொடிப்புச் சட்டத்துக்குள் வந்தது. நொடிப்புத் தீர்வு நடவடிக்கை தொடங்கிய நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டியவர், தனக்கு வரவேண்டியதைக் கழித்துக்கொள்ளலாமா? பொதுவாகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு விலக்குகளைச் சொன்னது. ஒன்று, நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே ஒப்பந்தப்படி நடைமுறைக்கு வந்துவிட்ட எதிரீடு. மற்றது, இரு கோரிக்கைகளும் ஒரே பரிவர்த்தனையில் பிணைந்திருந்தால். இரண்டாவது விலக்கின் அளவுகோல், 1865-இல் சென்னையில் ரத்னவேலு செட்டி வழக்கில் வைக்கப்பட்டதை ஒத்தது. ஆலை நொடித்துப்போனால், அதனிடமிருந்து வாங்கிய இரும்புக்குப் பணம் பாக்கி வைத்திருக்கும் மாதவரத்துப் பட்டறைக்காரர் அதே இரும்பின் குறைக்காகக் கழிக்கலாம். அந்த ஆலை போன வருடம் வேறு ஆர்டரில் தராமல் விட்ட பில்லுக்காகக் கழிக்க முடியாது, அதற்கு மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.