பதினெட்டு வயசுக் கார்ட்டூன்

தொண்ணூறுகளில் லண்டன் ரூட்டிங்கில் நான் வேலைக்கு நின்ற வீடியோக் கடையில் மேல்தட்டு ரஜினி, கமலுக்கு. நடுத்தட்டு சிவாஜி, எம்.ஜி.ஆருக்கு. ஜப்பான் கார்ட்டூன் கசெட்டுகள் கல்லாவுக்குப் பின்னால், கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கிற இடத்தில். முதலாளி அண்ணை அப்படி வைக்கச் சொன்னது தாய்மாருக்குப் பயந்துதான். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளின் சாமான் என்பதில் எங்கள் சனத்துக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது.

"தம்பி, இது கீறின படம்தானே. இதிலை என்ன பதினெட்டு வயசு?" என்று ஒரு அக்கா கசெட் மட்டையில் இருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

"பேய்ப் படம் அக்கா."

"விட்டலாச்சார்யா காட்டாத பேயோ?"

நியாயமான கேள்வி. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’யில் பேய் அடுப்புக்குள் தன் காலை விறகாக நீட்டிச் சமைக்கிறதைப் பார்த்துச் சிரித்தபடி சோறு சாப்பிட்டவர்கள் நாங்கள். எங்களை ஒரு கீறின படம் என்ன செய்துவிடும்?

அந்தச் சிவப்பு வட்டம் சோகோ சதுக்கத்தில் இருந்த திரைப்படத் தணிக்கைச் சபையிலிருந்து வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்தபோது, எவரும் பார்த்து அனுமதிக்காத இரத்தப் படங்களும் கூடவே வந்தன. பத்திரிகைகள் ‘வீடியோ நாஸ்ட்டி’ என்று பெயர் வைத்துக் கூச்சல் போட்டன. 1984இல் வீடியோப் பதிவுச் சட்டம் பிறந்தது. விற்கிற, வாடகைக்கு விடுகிற படக் கசெட்டுகளுக்குச் சபை வயது குறித்துத் தரவேண்டும் என்றானது. (எங்கள் மேல்தட்டுக் கசெட்டுகளில் எத்தனைக்கு அந்த வட்டம் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.) சபையை 1975 முதல் 1999 வரை நடத்தியவர் ஜேம்ஸ் ஃபெர்மன். அவருடைய கத்தரிக்குச் சில தனிப் பிடிவாதங்கள் உண்டு. சங்கிலியில் கோத்த இரட்டைத் தடியான நுஞ்சாக்குவை அதற்குக் கண்ணில் காட்டக்கூடாது. அதைச் சுழற்றும் இடம் வந்ததும் லண்டன் கசெட்டில் புரூஸ் லீயின் சண்டை துள்ளிக் குதித்து அடுத்த காட்சிக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் 1991 தொடக்கத்தில் கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’ வந்து இறங்கியது. அரண்மனைக்குப் போகும் த மோல் வீதியில் உள்ள ஐ.சி.ஏ. கலைக்கூடத்தில் ஓடியது. பொப் மார்லியின் பாட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ் பிளாக்வெல்லின் ஆட்கள் அதைக் கசெட்டாகப் போட்டார்கள். விற்ற வேகத்தைப் பார்த்து ‘மங்கா வீடியோ’ என்று தனி லேபலே ஆரம்பித்துவிட்டார்கள்.

அகிராவில் உடல் ஊதி வெடிப்பதும் நகரம் இடிவதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு உறுத்தியது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டெட்சுவோ என்ற பெடியன் கிடக்கிறான். ஒரு சின்னக் கரடிப் பொம்மை, ஒரு முயல், ஒரு விளையாட்டுக் கார் அவன் கட்டிலடிக்கு வருகின்றன. பிறகு அறை அளவுக்கு வளர்கின்றன. அவற்றின் உடம்பிலிருந்து பால் ஒழுகுகிறது. கத்தி இல்லை, பல் இல்லை, வெறும் பால். உருண்டு விழுந்தவன் உடைந்த கண்ணாடியை மிதிக்கிறான், காலில் இரத்தம் வருகிறது. அதைக் கண்டதும் பொம்மைகள் அலறிக்கொண்டு ஓடிவிடுகின்றன! உள்ளே இருந்தவை கிழட்டு முகம் கொண்ட மூன்று குழந்தைகள். இரத்தம் வந்த இடத்தில் பயம் தீர்ந்து போகிறது. சபையோ இரத்தத்தை அளந்துகொண்டிருந்தது.

மங்கா வீடியோவுக்கும் இரத்தம்தான் வியாபாரம் என்று பட்டிருக்கவேண்டும். அடுத்தடுத்து வந்தவை ‘ஃபிஸ்ட் ஆஃப் த நோர்த் ஸ்டார்’, ‘உரோட்சுகிடோஜி’, ‘விக்கெட் சிட்டி’. உரோட்சுகிடோஜியைச் சபை நன்றாகவே கத்தரித்தது. மிச்சமிருந்ததைப் பார்த்தே பத்திரிகைகள் மறுபடி கத்தின. நான் அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். பெண்களை வதைப்பதைத் தவிர அதற்குச் சொல்ல வேறொன்றுமில்லை, அதில் வரும் பூதங்களும் கசாப்புக்கடைச் சரக்கு. ஆனால் கத்தக் கத்த விற்பனை ஏறியது. ஆங்கிலக் குரல் கொடுக்கும்போது மூலத்தில் இல்லாத தூஷண வார்த்தைகளை வேண்டுமென்றே சேர்த்தார்கள், வயது வட்டம் பெரிதாக வரட்டும் என்று. ‘சைபர் சிட்டி எடோ 808’ அதற்குப் பேர்போனது. அந்தக் குரல் பதிவை இயக்கியவர் மைக்கேல் பேக்வெல், பி.பி.சி. நாடகப் பிரிவின் பெரிய ஆள், 1981இல் ‘லோர்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வானொலி நாடகத்தை எழுதிய இருவரில் ஒருவர். புதிதாக வந்து இறங்கிய எங்கள் பெடியள் ஆங்கிலத் தூஷணத்தை இலக்கண சுத்தமாகப் பேசினால், அந்தப் புண்ணியத்தில் அவருக்கும் பங்குண்டு.

இந்தக் கசாப்புச் சரக்குக்கு நடுவிலும் எப்போதாவது ஒன்று சரியாக வந்து குத்தும். கோ நகாயின் ‘டெவில்மேன்’ கதையின் கசெட்டில் ஜின்மென் என்றொரு ஆமைப் பூதம். தான் தின்ற மனிதர்களின் முகங்கள் அதன் ஓட்டில் உயிரோடு பதிந்திருக்கும். கதாநாயகன் அடிக்கக் கை ஓங்குகிறான், ஓட்டிலிருந்து அவன் அம்மாவின் முகம் அவனைப் பார்க்கிறது. அந்தக் கசெட்டை வாங்கிப்போன ஒரு பெடியன் அடுத்த நாளே கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணை, ஆமை வராத படம் ஏதும் இருக்கோ?" என்றான். அவனுடைய அம்மா அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நான் அகிராவைக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்குத் தெரிந்து ஜப்பானியர் பயமுறுத்தும் வித்தையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தெரிந்த முகம், தெரியாத இடத்தில். இதில் எங்களுக்குப் புதிது ஒன்றுமில்லை. பனங்கூடலுக்குள் சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கிற மோகினியின் முகத்தில் ஒரு குறையும் இருக்காது, காலைத்தான் பார்க்கவேண்டும் என்று அப்பாச்சி சொல்லுவா. ஜப்பான் பேய்க்கும் கால் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மருயாமா ஓக்யோ என்ற ஓவியர் காலில்லாத பெண் பேயைத் தீட்டியதிலிருந்து அந்த வழக்கம் பரவியது என்பார்கள்.

1995இல் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ வந்தபோது கதை தலைகீழானது. அதுவரை ஜப்பானில் எடுத்ததை வாங்கி விற்ற மங்கா வீடியோ ஆட்கள், இப்போது ஜப்பானியக் கம்பனிகளோடு சேர்ந்து முதலே போட்டார்கள். லண்டன் காசில் ஒரு ஜப்பான் படம்.

அதே கம்பனி 1999இல் இங்கே கொண்டுவந்த படத்தைத்தான் நான் இன்றைக்கும் தனியாக இருக்கும்போது போடுவதில்லை. சதோஷி கொன் 1997இல் எடுத்த ‘பர்ஃபெக்ட் புளூ’. பேயே கிடையாது. மீமா என்ற பாட்டுக்காரி, அவளைப் பின்தொடர்கிற ஒரு ரசிகன். கண்கள் அகன்று விலகிய முகம். மேடையில் அவள் ஆடும்போது அவன் தூரத்தில் நின்று உள்ளங்கையை நீட்டிப் பிடிக்கிறான். அவன் பார்வைக்கு அவள் அந்தக் கைமேல் ஆடுகிறாள். அவனைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்கிறோம். ஆனால் மோசமான ஆள் அவனல்ல, மீமாவை அக்கா போலப் பார்த்துக்கொள்கிற ரூமி. கடைசித் துரத்தலில் மீமாவின் பழைய மேடை உடுப்போடு ஒருத்தி பஞ்சுபோல மிதந்து வருகிறாள், மீமாவேதான். கடைக் கண்ணாடியில் விழும் நிழலில் மட்டும் மூச்சு வாங்க, பருத்த உடம்போடு, அதே உடுப்பு பிதுங்க ஓடிவருவது ரூமி. பொய் எங்களுக்கு நேரே ஓடுகிறது, உண்மை கண்ணாடியில். அந்த ஓட்டத்தை எந்தக் கத்தரியால் வெட்டுவது?

கடை மூடிப் பல வருடத்துக்குப் பிறகு, 2019 கோடையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மங்கா கண்காட்சி வைத்தார்கள். அங்கே 17 மீட்டர் நீளத்துக்கு ஒரு நாடகத் திரைச்சீலை. டோக்கியோ ஷின்டோமி அரங்குக்காக 1880இல் கவனாபே கியோசாய், குடித்தபடியே நாலு மணி நேரத்தில் கீறியது. கீறும்போது அவர் மிதித்த காலடித் தடம்கூட அதில் இருக்கிறது. முழுக்கப் பூதங்கள். கிட்டப் போனால் ஒவ்வொரு பூதமும் அந்த அரங்கின் கபுக்கி நடிகர் ஒருவர். சனம் காசு கொடுத்துப் பார்க்க வந்த அதே முகங்கள்தான் சீலையில் பல்லைக் காட்டின. ஜின்மென்னின் ஓட்டை நான் மறுபடி பார்த்தது அங்கே. கியோசாயிடம் 1881 முதல் சித்திரம் படித்தவர் ஜோசையா கொண்டர், லண்டனில் பிறந்த கட்டடக் கலைஞர். 1911இல் குருவைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அகிரா த மோலுக்கு வர எண்பது வருடத்துக்கு முதலே லண்டன்காரர் ஒருவர் ஜப்பான் பூதங்களுக்கு ஆங்கிலத்தில் அறிமுகம் எழுதியாகிவிட்டது. எங்கள் முதலாளி அண்ணைக்கு இது தெரிந்திருந்தால் கசெட்டை முன்தட்டுக்குக் கொண்டுவந்திருப்பாரோ என்னவோ.

இப்போது பயம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. 2024இல் லண்டன் கொலிசியத்தில் மியாசாகியின் கார்ட்டூன் படமான ‘ஸ்பிரிட்டெட் அவே’ ஜப்பானிய மொழியிலேயே மேடை ஏறியது, தங்கச்சி குடும்பத்தோடு போனேன். அதில் வரும் கவோனாஷிக்கு அசையாத வெள்ளை முகமூடி, சொந்தக் குரல் இல்லை. விழுங்கிய தவளையின் குரலில்தான் பேசும். கை நிறையத் தங்கம் நீட்டும், வாங்க வந்தவனை விழுங்கும். மியாசாகியின் உருவங்களில் இதுதான் மெய்யாகவே அச்சம் தருவது என்பேன், ஆனால் அரங்கில் சின்னப் பிள்ளைகள் அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். மருமகள் கவோனாஷி உண்டியல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். சில்லறையை வைத்தால் அள்ளி வாயில் போட்டு ஏப்பம் விடும். தங்கச்சி அதைச் சாமியறைப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறாள். பெட்டியில் பதினெட்டு வயசு வட்டம் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.