ஊளையிட்ட கூட்டம் எழுந்து நின்றது

மைதானக் கதைகள் – 17

லண்டனில் அன்று சனிக்கிழமை. 1980 ஜூலை 5. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டுக்குள் இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். ஒருவருக்குத் தோள் வரை விழும் பொன்னிறத் தலைமுடி, போட்டி தொடங்கிய நாளிலிருந்து சவரம் செய்யாத தாடி. இன்னொருவருக்குச் சுருட்டை முடி, நெற்றியைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. முதல் ஆளுக்குக் கைதட்டல். இரண்டாவது ஆளுக்கு ஊளை.

விம்பிள்டன் கூட்டம் லேசில் ஊளையிடாது. ஸ்ட்ராபெரியும் கிரீமும் சாப்பிட்டுக்கொண்டு, நல்ல ஷாட்டுக்கு அளவாகத் தட்டிவிட்டு, அடுத்த சர்வீஸுக்குள் வாயை மூடிக்கொள்ளும் கூட்டம் அது. இறுதி ஆட்டம் ஆட வந்தவரை வாசலிலேயே ஊளையிட்டு வரவேற்பது அங்கே அபூர்வம்.

கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கழித்து அதே கூட்டம், அதே சுருட்டை முடிக்காரருக்காக எழுந்து நின்று கை வலிக்கத் தட்டியது. இத்தனைக்கும் அவர் தோற்றுப்போயிருந்தார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

இரண்டு கட்சி

சென்ற வாரம் நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் இதே விம்பிள்டனில் அரையிறுதி வரை போனதைப் பார்த்தோம். அதற்குப் பிந்தைய இருபது வருடத்தில் டென்னிஸ் அடியோடு மாறிவிட்டது. 1968 முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்தது. பணம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. எம்.ஜி.ஆர். ரசிகர், சிவாஜி ரசிகர் என்று நம் ஊர் தியேட்டர் வாசலில் இரண்டு அணி நிற்குமே, அதைப்போல டென்னிஸிலும் கட்சிகள் உருவாயின.

ஒரு கட்சியின் தலைவர் ஸ்வீடனின் பியான் போர்க். 1973-ல் முன்னணி ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் விம்பிள்டனைப் புறக்கணித்தபோது, 17 வயதுப் பையனாக வந்து காலிறுதி வரை போனவர். அப்போதே பள்ளி மாணவிகள் கூட்டம் கூட்டமாக அவரைத் துரத்தத் தொடங்கிவிட்டார்கள். பீட்டில்ஸ் பாடகர்களுக்கு நடந்ததெல்லாம் ஒரு டென்னிஸ் வீரருக்கு நடந்தது. 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை விம்பிள்டன் பட்டம் அவருக்குத்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அதனால் 'பனிக்கட்டி மனிதர்' என்று பெயர்.

எதிர்க்கட்சி அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோ. நியூயார்க்கில் வளர்ந்த வக்கீல் வீட்டுப் பிள்ளை. 1977-ல் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்த 18 வயதுக்காரர், நேராக அரையிறுதியில் போய் நின்றார். இடது கை ஆட்டம். சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடி வந்து, பந்தை இறகு மாதிரித் தொட்டு வைப்பார். ஆனால் லைன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் அம்பயரோடு தெருச்சண்டைதான். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சூப்பர்பிராட்'. அடங்காப்பிடாரிகளுக்கெல்லாம் அடங்காப்பிடாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருட அரையிறுதியில் ஜிம்மி கானர்ஸோடு ஆடும்போதும் மெக்கன்ரோ நடுவரிடம் மல்லுக்கு நின்றார். ஆட்டத்தை ஜெயித்தார், பெயரைக் கெடுத்துக்கொண்டார். இறுதி ஆட்டத்தன்று வாசலில் கேட்ட ஊளை அதற்கான கணக்குத் தீர்ப்பு.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு நிமிடம்

ஊளையிட்டவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் இருவரும் மோதினார்கள். கடைசி செட், நெருக்கமான கட்டம். மெக்கன்ரோ வழக்கம்போலக் கொதித்துக்கொண்டிருக்கிறார். போர்க் அவரை வலைக்கருகே கூப்பிடுகிறார். திட்டத்தான் போகிறார் என்று இவர் நினைக்கிறார். போர்க் தோளில் கை போட்டு, பதற்றப்படாதே, நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருக்கிறோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். இதைப் பின்னாளில் பலமுறை சொன்னவர் மெக்கன்ரோவேதான். அதற்குப் பிறகு போர்க்கோடு ஆடும்போது மட்டும் அவர் வாலைச் சுருட்டிக்கொண்டார்.

ஆகவே ஜூலை 5 அன்று ஒரு ரவுடியைப் பார்க்க வந்த கூட்டம் ஏமாந்துபோனது. மெக்கன்ரோ சண்டைக்கே போகவில்லை. முதல் செட்டை 6-1 என்று வாரிக்கொண்டு போனார். போர்க் கட்சிக்காரர்களுக்கு நாக்கு உலர்ந்தது. மெல்ல மெல்லத் தேறிய போர்க் 7-5, 6-3 என்று அடுத்த இரண்டு செட்டையும் எடுத்தார். நான்காவது செட்டில் 5-4. போர்க்கின் சர்வீஸ். 40-15. இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். ஒன்றே ஒன்று போதும், ஐந்தாவது பட்டம் கைக்கு வந்துவிடும்.

இரண்டையும் மெக்கன்ரோ பிடுங்கிக்கொண்டார். செட் 6-6. டை-பிரேக்.

34 பாயின்ட்

டை-பிரேக் என்பது 1971-ல்தான் விம்பிள்டனுக்கு வந்தது. முதலில் 8-8 ஆன பிறகுதான் ஆடுவார்கள். 6-6-லேயே ஆடலாம் என்று மாற்றியது 1979-ல். முதலில் ஏழு பாயின்ட் எடுப்பவருக்கு செட். ஆனால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் நீண்டுகொண்டே போகும். ஆட்டத்தைச் சுருக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அன்று சுமார் இருபது நிமிடம் ஓடியது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் ஓடி ஓடிப் புல் தேய்ந்து மண் தெரியும் தரை. மரத்தால் செய்த ராக்கெட். பந்து வெள்ளை நிறம். மஞ்சள் பந்து விம்பிள்டனுக்கு வந்தது 1986-ல்தான். சென்டர் கோர்ட்டில் அப்போது நின்று பார்க்கும் பகுதியும் உண்டு. அங்கே காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறவர்கள் இருந்தார்கள். வீரர்களுக்கு வேண்டியவர்கள் உட்காரும் பகுதியில் போர்க்கின் பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கலின், பக்கத்தில் போர்க் அந்த மாதமே மணக்கவிருந்த ருமேனிய வீராங்கனை மரியானா சிமியோனெஸ்கு. பதற்றம் தாங்காமல் அவர் சிகரெட் பிடிப்பது அப்போது ஊரறிந்த விஷயம்.

போர்க்குக்கு ஒரு சாம்பியன்ஷிப் பாயின்ட். போயிற்று. மெக்கன்ரோவுக்கு ஒரு செட் பாயின்ட். அதுவும் போயிற்று. மறுபடி போர்க். மறுபடி மெக்கன்ரோ. பந்து பறக்கும்வரை ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பாயின்ட் முடிந்ததும் கூரை பிய்ந்துவிடும் போல ஆரவாரம். உடனே மறுபடியும் அமைதி. 10-10, 12-12, 14-14 என்று ஏறிக்கொண்டே போகிறது. அந்த டை-பிரேக்கில் மட்டும் ஐந்து சாம்பியன்ஷிப் பாயின்ட்டை மெக்கன்ரோ காப்பாற்றினார். ஆறு செட் பாயின்ட்டை போர்க் காப்பாற்றினார். ஏழாவதில் போர்க் மெதுவாகத் தொட்டு வைக்கப் பார்த்த பந்து வலையில் விழுந்தது. 18-16.

கூட்டம் மனசு மாறிய இடம் இதுதான் என்பேன். யாரும் கட்சி மாறவில்லை. போர்க் ரசிகர்கள் போர்க் ரசிகர்களாகவே இருந்தார்கள். ஆனால் மெக்கன்ரோ ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. கூடவே ஒரு கள்ளச் சந்தோஷமும் வந்தது. ஆட்டம் இன்னும் முடியவில்லையே! தன் ஆள் ஜெயிக்க வேண்டும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று நினைக்கிற ரசிகர், எதிராளியையும் பாதி ஏற்றுக்கொண்டவர்.

ஐந்தாவது செட்

ஏழு சாம்பியன்ஷிப் பாயின்ட்டைக் கோட்டை விட்டவர் ஐந்தாவது செட்டில் சுருண்டுவிடுவார் என்றுதான் யாருக்கும் தோன்றும். போர்க் சர்வீஸோடு செட் தொடங்கியது. முதல் இரண்டு பாயின்ட்டும் மெக்கன்ரோவுக்கு. அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு போர்க் தன் சர்வீஸில் தொடர்ந்து 19 பாயின்ட் எடுத்தார். எதுவுமே நடக்காத மாதிரி முகம். இறுதி செட்டுக்கு அன்று டை-பிரேக் கிடையாது. யாராவது ஒருவர் உடைந்தே ஆக வேண்டும். 7-6-ல் மெக்கன்ரோ சர்வீஸ், 15-40. எட்டாவது சாம்பியன்ஷிப் பாயின்ட். வலைக்கு ஓடி வந்த மெக்கன்ரோவைத் தாண்டி போர்க்கின் இரண்டு கை பேக்ஹேண்ட் குறுக்கே பாய்ந்தது. பனிக்கட்டி மனிதர் மண்டியிட்டு விழுந்தார்.

1-6, 7-5, 6-3, 6-7, 8-6. மூன்று மணி 53 நிமிடம். தொடர்ந்து ஐந்து விம்பிள்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாரன்ஸ் டோஹர்ட்டி 1902 முதல் 1906 வரை எடுத்த பிறகு வேறு எந்த ஆணும் செய்யாதது. கோப்பை அவருக்கு, கைதட்டல் இருவருக்கும். பகலில் ஊளை கேட்ட காதுகளுக்கு, எழுந்து நின்ற கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது.

சிறையிலும் கேட்ட ஆட்டம்

அமெரிக்க ரசிகர்களுக்கு அது காலை உணவு நேரம். என்.பி.சி. தொலைக்காட்சி முந்தைய வருடம்தான் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைக் காலையில் நேரடியாகக் காட்டத் தொடங்கியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவும் இந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டாராம். பிற்காலத்தில் மண்டேலாவைச் சந்தித்தபோது அவரே சொன்னதாக மெக்கன்ரோ சொல்லியிருக்கிறார்.

நமக்கு அப்போது சனிக்கிழமை இரவு. போர்க் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு ஒரு ஆறாத வடுவும்கூட. முந்தைய வருடம், 1979 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில், நம் விஜய் அமிர்தராஜ் இதே போர்க்கை இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முந்தி நின்று, நான்காவது செட்டை டை-பிரேக்கில் இழந்து, ஐந்தாவதில் தோற்றார். 2-6, 6-4, 4-6, 7-6, 6-2. மூழ்கப் போகிறார் என்று நினைக்கும்போது போர்க் எப்படி நீந்திக் கரையேறுவார் என்பதை நாம் ஒரு வருடம் முன்னாலேயே பார்த்துவிட்டோம்.

சரி, அந்த ஒரு நாள் கைதட்டலால் மெக்கன்ரோ திருந்திவிட்டாரா? இல்லை. அடுத்த வருட விம்பிள்டன் முதல் சுற்றிலேயே, சுண்ணாம்புக் கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று சொன்னதாக நடுவரிடம் அவர் கத்திய கத்தல் இன்றும் பேசப்படுகிறது. அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் போர்க்கை அவர்தான் வீழ்த்தினார். ஆனாலும் சாம்பியனுக்குத் தரும் கௌரவ உறுப்பினர் பதவியை ஆல் இங்கிலாந்து கிளப் அப்போது அவருக்குத் தரவில்லை. சில மாதம் கழித்து அமெரிக்க ஓபன் இறுதியிலும் போர்க் தோற்றார். பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார். 1983 ஜனவரியில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 26 வயது. போகாதே என்று கேட்டவர்களில் மெக்கன்ரோவும் ஒருவர்.

போர்க்கா, மெக்கன்ரோவா என்று அந்தக் காலத்து ரசிகர்கள் இன்னும் வாதம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. இருவரும் மோதியது மொத்தம் 14 முறை. ஆளுக்கு ஏழு வெற்றி.