வக்ஃப்: ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட இலக்கணங்கள்

 

மத்ரஸாவில் ஃபிக்ஹு கிதாபுகளை ஓதும்பொழுது ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் இரண்டு பொருள்கள் கூறப்படும். ஒன்று, அச்சொல்லுக்கு மொழி வழக்கில் உள்ள பொருள் (லுகத்). மற்றொன்று, ஷரீஅத் வழக்கில் உள்ள பொருள் (இஸ்திலாஹ்). ஓதும் பருவத்தில் இவற்றை மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்று விடுகிறோம். ஆனால், ஒரு சொல்லுக்கு இலக்கணம் வகுப்பவர் மாறியதால் சொத்தே கைமாறிய வரலாறும் உண்டு. வக்ஃப் என்னும் சொல்லின் வரலாறு அத்தகையதே.

வக்ஃப் என்றால் நிறுத்தி வைத்தல் என்பது மொழிப் பொருள். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபொழுது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக வழங்கப்படாது, வாரிசுக்கும் போகாது என்ற நிபந்தனையுடன் உமர் (ரலி) அவர்கள் அதனை அர்ப்பணித்தார்கள். பயன்பெறுவோர் பட்டியலில் ஏழைகள், வழிப்போக்கர்கள், விருந்தினர் ஆகியோருடன் உறவினரும் இடம் பெற்றிருந்தனர். இந்த இறுதிச் செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ளவும். பின்னர் இது தேவைப்படும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 150) தந்த இலக்கணப்படி, பொருள் வாகிஃபின் உடைமையிலேயே இருக்கும்; பயன் மட்டுமே தர்மமாகும். ஆகவே, இரவல் கொடுத்தவர் திரும்பப் பெறுவதைப் போல வாகிஃபும் திரும்பப் பெறலாம்; காழியின் தீர்ப்பு போன்றவற்றால் மட்டுமே அது உறுதிப்படும். அன்னாரின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரோ, உடைமை மனிதனை விட்டு நீங்கி அல்லாஹ்வின் உடைமையாகி விடுகிறது என்றனர். இவ்விருவருக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. வாயால் மொழிந்த உடனேயே வக்ஃப் நிறைவேறும் என்பார் அபூயூசுஃப். முத்தவல்லியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பார் முஹம்மத். ஃபத்வா மாணவர்களின் கருத்தின் மீதே அமைந்தது. ஆசிரியரின் சொல்லை மாணவர் மறுத்ததும், அதனை ஆசிரியரின் மத்ஹபே ஏற்றுக் கொண்டதும் நம் முன்னோரின் கல்வி எத்தகையது என்பதைக் காட்டும்.

இனி ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். ஹிதாயாவை அதன் பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கி 1791-இல் வெளியிட்டார். அரபு அறியாத நீதிபதிகள் இத்தகைய நூல்களைக் கொண்டு தீர்ப்பளித்தனர். ‘ஸதகா’ என்பதற்கு அவர்கள் கையாண்ட சொல் ‘சேரிட்டி’. இடர்ப்பாடு இங்குதான் தொடங்கியது. இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வளர்ந்து வந்த வழக்கில், பொதுமக்களுக்குப் பயன் தருவதே ‘சேரிட்டி’. சொந்தப் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் ஒதுக்குவது அதில் சேராது. நமது மார்க்கத்திலோ, குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் ஸதகாவே.

சகோதரர் இருவர் தம் சொத்தைச் சந்ததியினருக்கும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கும் என வக்ஃப் செய்திருந்தனர். அந்த வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. ஏழைகளுக்கான பங்கு எட்டாத தொலைவில் உள்ளது, அது வெறும் தோற்றமே என்று கூறி, அந்த வக்ஃப் செல்லாது என 1894-இல் லார்டு ஹாப்ஹவுஸ் தீர்ப்புரைத்தார். குடும்பத்தைக் காப்பதும் ஷரீஅத்தில் தர்மமே என்று அதற்குச் சற்று முன்னரே கல்கத்தா நீதிபதி சையித் அமீர் அலி மற்றொரு வழக்கில் கிதாபுகளை எடுத்துக்காட்டி விரிவாக எழுதியிருந்தும், அது ஏற்கப்படவில்லை. உமர் (ரலி) அவர்களின் பட்டியலில் உறவினர் இருந்ததை எண்ணிப் பாருங்கள்! நமது சொல்லின் பொருளை நம்மிடம் கேட்காமலேயே முடிவு செய்து விட்டனர்.

மௌலானா ஷிப்லி நுஃமானி (ரஹ்) முதலானோர் இதற்காகப் பாடுபட்டனர். முஹம்மத் அலி ஜின்னா 1911-இல் மசோதாவைக் கொண்டு வந்தார்; 1913-இல் அது சட்டமாயிற்று. முஸ்லிம் சட்டம் எதனை மார்க்கப் பணி, புண்ணியம், தர்மம் என ஏற்கிறதோ அதற்காக முஸ்லிம் ஒருவர் சொத்தை நிரந்தரமாக அர்ப்பணிப்பதே வக்ஃப் என்று அது இலக்கணம் கூறியது. தர்மம் எது என்பதை ஷரீஅத்தே கூறட்டும் என்று ஒப்படைத்ததுதான் அதன் சிறப்பு. குடும்ப வக்ஃபும் செல்லுபடியாயிற்று. தம் வாழ்நாள் செலவுக்கென ஒதுக்கிக் கொள்ளும் உரிமையை ஹனஃபிகளுக்கு மட்டும் தந்ததிலிருந்து, மத்ஹபுகளின் வேறுபாட்டையும் அச்சட்டம் கவனித்தது விளங்கும். ஆயினும், 1913-க்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்புகள் வந்தமையால், 1930-இல் மற்றொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

முத்தவல்லி என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். அவரை ஆங்கிலச் சட்டத்தின் ‘டிரஸ்டி’யாகவே பலர் கருதினர். சொத்து அவரைச் சார்ந்ததன்று, அவர் நிர்வாகி மட்டுமே என்று 1921-இல் பிரிவி கவுன்சில் தெளிவுபடுத்தியது. அத்தீர்ப்பை எழுதியவர், அதற்குள் அங்கு நீதிபதியாகிவிட்ட அதே அமீர் அலி. வழக்கோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஓர் இந்து மடத்தைப் பற்றியது!

விடுதலைக்குப் பின் 1954, 1995-ஆம் ஆண்டுச் சட்டங்கள், நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபான சொத்துக்களையும் இலக்கணத்தில் சேர்த்தன. பத்திரமின்றித் தலைமுறை தலைமுறையாகத் தொழுகை நடந்து வரும் பள்ளிகளுக்கும், மய்யித்துகள் அடக்கப்படும் கபரஸ்தான்களுக்கும் இதுவே பாதுகாப்பாக இருந்தது. 2013-இல் ‘இஸ்லாத்தைப் பின்பற்றுபவர்’ என்பது ‘எவரும்’ என மாற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 8 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், குறைந்தது ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றி வருவதைக் காட்டுபவரே வக்ஃப் செய்யலாம் என்றது. பயன்பாட்டால் வக்ஃப் என்னும் பிரிவையும் நீக்கியது. அந்நாளுக்கு முன் அவ்வகையில் பதிவானவை தொடரும். ஆனால் தகராறில் உள்ளவையும் அரசு நிலமும் இதற்கு விலக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம், விதிமுறைகள் வகுக்கப்படும் வரை ஐந்தாண்டு நிபந்தனையை நிறுத்தி வைத்தது. பயன்பாட்டுப் பிரிவு நீக்கப்பட்டதற்குத் தடை விதிக்கவில்லை.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களிடம் வாய்ச்சொல்லே போதுமானதாயிருந்தது. இன்று கேட்கப்படுவது பதிவும் ஆவணமும். நம் பெரியவர்கள் எழுதிய பழைய பத்திரங்கள் சிலவற்றில் வக்ஃப் என்ற சொல்லே இராது. ‘தர்மம்’ என்றோ ‘தர்ம சாஸனம்’ என்றோ மட்டும் இருக்கும். அவ்வாறிருப்பதனால் மட்டும் அது வக்ஃப் அன்று என்றாகிவிடாது. எழுதியவரின் நோக்கமே கருதப்படும். எனவே, பள்ளிவாசலுக்கோ கபரஸ்தானுக்கோ உரிய பழைய பத்திரம், இனாம் பதிவு, வரி ரசீது, குத்தகைச் சீட்டு எதுவாயினும் ஜமாஅத்தார் எவர் வீட்டிலேனும் இருப்பின், அது செல்லரித்துப் போயிருந்தாலும் சரியே, நிர்வாகத்தாரிடம் காட்டிப் படி எடுத்துக் கொள்ள உதவுமாறு அன்புடன் வேண்டுகிறோம். வஸ்ஸலாம்.