காதும் கையும்: திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் குறைகேட்பின் வரலாறு

முன்னுரை

‘கஸ்டமர் கேர்’ என்று நாம் இன்று சொல்லும் ஏற்பாடு திருச்சிக்கு வந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. குறையைச் சொல்லப் போய் அலைக்கழியும் அனுபவம் அதைவிட மிகப் பழையது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலிருந்து இன்றைய ஒப்பந்த அழைப்பு மையம் வரை இவ்வட்டாரத்தில் குறைகேட்பு மாறி வந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறைகேட்பு எதுவாயினும் அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு: கேட்கும் காது, சரிசெய்யும் கை. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்வரை மக்கள் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். இணைப்பு அறுந்தால், எவ்வளவு இனிமையான குரல் பேசினாலும் சினம் மூள்கிறது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. தாசில்தாருக்கே திரும்பிய மனு

1801இல் ஆர்க்காடு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது திருச்சிராப்பள்ளியும் அதனோடு வந்தது. அதன்பின் மாவட்டத்தின் எல்லா அர்ஜிகளும் போய்ச் சேர வேண்டிய இடம் கலெக்டர் கச்சேரி ஆயிற்று.

அந்த ஏற்பாடு குடிகளுக்கு எப்படி இருந்தது என்பதற்கு உறுதியான சான்று ஒன்று உண்டு. வரி வசூலில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்கச் சென்னை மாகாணத்தில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855இல் வந்தது. சித்திரவதை நடந்தது என்பதை உறுதிசெய்த ஆணையர்கள், பாதிக்கப்பட்டவர் நியாயம் பெற முடியாத நிலையே தங்களை அதைவிட வருத்தியது என்று பதிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் மூன்று முக்கியமானவை. கலெக்டரை நேரில் காணக் கடக்க வேண்டிய தூரம் முதலாவது. செலவும் நாள்கணக்கில் இழக்கும் கூலியும் இரண்டாவது. எழுதிப் போட்டால் அந்த மனு, வழக்கமான குறிப்போடு தாசில்தாரின் பார்வைக்கே திருப்பப்படும் என்ற அச்சம் மூன்றாவது. யார்மீது புகாரோ அவர் கையிலேயே புகார் போய்ச் சேர்ந்தது.

தூரம், செலவு, திருப்பி அனுப்புதல் ஆகிய இந்த மூன்று சுவர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு தெளிவாகும். ஸ்ரீரங்கம் வட்டத்தில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கும், வருவாய்க் கணக்குத் தணிக்கையோடு மனுக்களும் பெறப்படும் ஜமாபந்தியும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் கூடும் மக்கள் குறைதீர்க்கும் நாளும் முதல் சுவரைத் தாழ்த்த உதவும் ஏற்பாடுகளே.

2. லைன்மேன் காலம்

திருச்சி, தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக விளங்கிய நகரம். பொன்மலைப் பணிமனையும் அந்த ரயில்வேயின் படைப்பே. ரயில் நிலையங்களில் வைக்கப்பட்ட புகார்ப் புத்தகம்தான் இந்நகரத்தார் கண்ட தொடக்ககால ‘வாடிக்கையாளர் சேவை’களில் ஒன்று. பயணி தன் கையால் எழுதுவார். எழுதியது நிலையத்திலேயே நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1957 ஜூலை 1ஆம் நாள் தமிழக மின்வாரியம் உருவானது. மின்தடைக்கு அருகிலுள்ள செக்‌ஷன் ஆபீஸுக்குப் போய்ச் சொல்வது வழக்கமானது. தொலைபேசி பழுதுக்கு 198. அந்த எண்ணைச் சுழற்றினால் எடுப்பவர் உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி எது, சித்திரை வீதி எது என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. லைன்மேன் எந்தத் தெருவில் வேலையாக இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். குறையைக் கேட்டவரும் கம்பத்தில் ஏறியவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அறிமுகம் இல்லாதவருக்கும் ஏழைக்கும் செக்‌ஷன் ஆபீஸில் கிடைத்த வரவேற்பு வேறு. ஆனாலும் குறை தீராதபோது யாரைக் கேட்பது என்ற குழப்பம் அன்று இல்லை. 1994 ஜூன் 1ஆம் நாள் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைந்து திருச்சி மாநகராட்சி பிறந்தபோதும் ஸ்ரீரங்கத்துக்குத் தனிக் கோட்ட அலுவலகம் வைத்தார்கள். நிர்வாகம் பெரிதாகும்போது காது தொலைவாகிவிடக் கூடாது என்ற புரிதல் அதில் தெரிகிறது.

3. ஒப்பந்தக் குரல்

1990களில் தொடங்கி இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடந்தன. தனியார் செல்பேசி நிறுவனங்கள் வந்தன. 2000 அக்டோபர் 1ஆம் நாள் அரசின் தொலைபேசித் துறையும் பி.எஸ்.என்.எல். ஆனது. அதே காலத்தில், 1997இல் ஜி.இ. கேப்பிட்டல் குர்கானில் தொடங்கிய மையத்தை அடியொற்றி, உலக நிறுவனங்களின் அழைப்புகளை வாங்கிப் பேசும் தொழில் இந்தியாவில் வேரூன்றியது. உள்நாட்டு நிறுவனங்களும் அதே முறையைக் கைக்கொண்டு, தம் வாடிக்கையாளரிடம் பேசும் வேலையை வேறொரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டன. காதும் கையும் பிரிந்தது இங்கேதான். பேசுகிறவர் ஒரு கம்பெனி ஆள். பழுது பார்ப்பவர் இன்னொரு கம்பெனி ஆள். பில் போடுவது மூன்றாவது இடம்.

இதற்கு அடித்தளமான கணிதம் பழையது. டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகள் வந்துசேரும் முறையைக் கணக்கிட்டுக் காட்டினார். எத்தனை பேரை அமர்த்தினால் அழைப்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதை அவர் தொடங்கிய கணக்கு வழியே சொல்லலாம். காத்திருப்பைக் குறைக்கப் பயன்படக்கூடிய அந்தக் கணக்கு, மக்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்களோ அந்த அளவுக்கு ஆட்களைக் குறைக்கவும் பயன்பட்டது. ஓர் அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்பதே ஊழியரின் தகுதிக்கு அளவுகோல் ஆனது. குறை தீர்ந்ததா என்பது அந்த அளவுகோலில் ஏறவில்லை.

காதும் கையும் பிரிந்ததால் மூளும் சினம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரு மையத்தின் சேவை குறித்து எழுந்த புகார்களால், 2003இல் டெல் நிறுவனம் தன் அமெரிக்க வணிக வாடிக்கையாளர்களின் அழைப்புகளில் ஒரு பகுதியை அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. திருச்சி இந்தத் தொழிலின் இரு முனைகளிலும் நிற்கும் ஊர். 2010 டிசம்பரில் திருச்சியை அடுத்த நவல்பட்டில், தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு வீட்டில் தந்தை கஸ்டமர் கேருக்கு அழைத்துக் காத்திருக்கையில், மகள் ஓர் அழைப்பு மையத்தில் முகம் தெரியாதவரின் கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பது எழுதிவைத்த சில வாக்கியங்களே. ஒரு ரூபாயைத் திருப்பித் தரும் அதிகாரம்கூட இல்லாமலிருக்கலாம். ஆகவே அவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயம் ஆகாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007இல் கால் சென்டர், நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி என மூன்று படிகளை வகுத்தது. 2012இல் புது விதிகள் வந்தன. ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். முதலில் மொழித் தேர்வு, பின்னொரு படியில் ஆளோடு பேசும் வழி இருக்க வேண்டும் என்று அவை கூறின. அழைப்பை 90 விநாடிக்குள் ஆள் எடுக்க வேண்டும் என்ற தர அளவும் உண்டு. இவை நல்ல விதிகள். ஆனால் அதே 2012 விதிகள் நடுப்படியான நோடல் அதிகாரியை நீக்கிவிட்டன. எஞ்சிய மேல்முறையீட்டு அதிகாரியும் அந்தந்த நிறுவனமே அமர்த்துபவர். 1855 அறிக்கையின் மூன்றாம் சுவர் புதுப்பூச்சோடு மீண்டும் எழுந்தது: மனு தாசில்தாருக்கே திரும்புகிறது.

4. சட்டம் திறந்த கதவு

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் நுகர்வோர் மன்றம் அமைய வழிசெய்தது. ‘கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் கவுன்சில், தமிழ்நாடு’ என்னும் திருச்சி அமைப்பு நுகர்வோர் குறைகளைப் பொதுவெளியில் தொடர்ந்து எழுப்பி வந்திருக்கிறது. எனினும் தொலைபேசி வாடிக்கையாளருக்கு இடையில் ஒரு தடை விழுந்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு வழக்கில், 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப் பிரிவு 7-பி நடுவர் தீர்ப்பையே வழியாகச் சொல்வதால் நுகர்வோர் மன்றம் செல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது.

இதற்கிடையே வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, இரண்டு சுவர்களைச் சட்ட அளவில் இடித்தது. புகார்தாரர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் ஸ்ரீரங்கத்துக்காரர் திருச்சி ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆணையம் நிறுவனத்துக்கு வெளியே இருப்பதால் மூன்றாம் சுவரும் விரிசல் காண்கிறது. ஆனால் இது கடைசிக் கதவு. 300 ரூபாய் ரீசார்ஜ் தகராறுக்கு வழக்குப் போடச் சொல்வது தீர்வாகாது.

5. மின்னகம்: ஓர் எதிர்ச்சான்று

தொலைவே தீமை என்று முடிவு கட்டிவிட முடியாது. 2021 ஜூன் 20ஆம் நாள் சென்னையில் தொடங்கிய மின்னகம், 94987 94987 என்ற ஒரே எண்ணில் தமிழகம் முழுவதற்கும் மின்புகார்களை ஏற்கிறது. ஸ்ரீரங்கத்தில் மின்சாரம் போனால் அதைக் கேட்கும் காது 300 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. ஆனால் பதிவான புகார் அந்தப் பகுதி மின் அலுவலகத்துக்குப் போகிறது. கம்பத்தில் ஏறுபவர் இன்றும் இந்த ஊர்க்காரர். குறை தீராவிட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குறைதீர்ப்பு மன்றமும், அதற்கு மேல் ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்தும் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. நடைமுறையில் குறைகள் இல்லாமல் இல்லை. இருந்தும் காது எட்டப் போனாலும் கையோடு நரம்பு அறாமல் வைக்க முடியும் என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, குறைகேட்பின் தோல்விக்குக் காரணம் தொலைபேசியோ கணினியோ அன்று. கேட்பவரிடமிருந்து அதிகாரத்தைப் பிரித்ததே. இரண்டாவது, நிறுவனமே நிறுவனத்தின்மீது தீர்ப்புச் சொல்லும் முறை 1855இலேயே தோற்றது என்று பதிவாகிவிட்டது. அதை மீண்டும் நடைமுறைப்படுத்தி வேறு விளைவை எதிர்பார்ப்பதற்கில்லை. மூன்றாவது, விநாடிகளை அளக்கும் விதிகள் காதை மட்டுமே திருத்தும். ‘புகார் முடிந்தது’ என்று எழுதும் உரிமை புகார் செய்தவருக்கு வந்தால்தான் கை அசையும்.

நீக்கப்பட்ட நோடல் அதிகாரியை மாவட்ட அளவில் மீண்டும் கொண்டுவருவதும், அழைப்பு மைய ஊழியருக்குச் சிறு தொகைகளை அங்கேயே திருப்பித் தரும் அதிகாரம் வழங்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. வடக்கு உத்திர வீதியில் தனியாக இருக்கும் ஒரு முதியவரின் செல்பேசிக்குப் பத்து இலக்கப் புகார் எண் இன்று உடனே வந்துவிடுகிறது. அவர் குறையைச் சரிசெய்யப் போகிறவரின் பெயரும் அந்த எண்ணோடு வர வேண்டும்.