அந்தரங்கம் பேணுவோருக்கு அடைபடும் கதவுகள்

கையடக்கத் தொலைபேசியில் அந்தரங்கம் பேண விரும்புவோருக்கென உருவான உலாவிகளுள் ‘டோர்’ பரவலாக அறியப்பட்டது. 2019 மே மாதத்தில் அதன் அன்ட்ரொயிட் பதிப்பு முறையாக வெளியானது. நமது கோரிக்கையை அது மூன்று இடைநிலைக் கணினிகளினூடாக அனுப்புவதால், நாம் நாடும் இணையத்தளத்திற்குக் கடைசிக் கணினியின் முகவரி மட்டுமே தெரியும்.

அக்கணினிகளின் பட்டியல் பகிரங்கமானது. ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால், ஒரு சிலரின் தீச்செயல் அனைவர் மீதும் பழியாகின்றது. சில தளங்கள் அனுமதியே மறுக்கின்றன. வேறு சில, நாம் மனிதரே என மீண்டும் மீண்டும் நிரூபிக்கச் சொல்கின்றன. தம்மிடம் டோர் வழி வரும் கோரிக்கைகளில் 94 சதவீதமானவை தீங்கானவை என 2016இல் கிளவுட்பிளெயார் நிறுவனம் கூறியது. டோர் அமைப்பினர் அக்கணிப்பைக் கேள்விக்குட்படுத்தினர். எனினும் 2018 செப்டெம்பரில் அந்நிறுவனமே டோர் பாவனையாளரின் இடையூற்றைக் குறைக்கும் ஏற்பாடொன்றை அறிமுகப்படுத்தியது.

ஆகவே வழி இல்லாமலில்லை. தளங்களைக் காப்பது அவசியமே. ஆயினும் செய்தி வாசிக்க வருவோரையும் களவாட வருவோரையும் ஒரே நிரையில் நிறுத்துவது நீதியாகாது. தீய செயலைக் கண்டு தடுப்பதே முறை. அடையாளத்தை வெளியிடாமைக்காகத் தடுப்பது முறையன்று என்பதே நமது கருத்தாகும்.