கல்வி வழக்கா, நிதி வழக்கா? டேவிஸ் எதிர் க்ரோவர் தீர்ப்பை மீண்டும் வாசித்தல்

பொதுப்பணத்தில் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வழிசெய்யும் மில்வாக்கி நகரின் பள்ளித் தேர்வுத் திட்டத்துக்கு விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1992இல் அளித்த ஒப்புதல், கல்விக் கொள்கையின் வெற்றியாகவோ வீழ்ச்சியாகவோதான் இதுவரை எழுதப்பட்டிருக்கிறது. பேரவை உறுப்பினர் பாலி வில்லியம்ஸும் ஆளுநர் டாமி தாம்சனும் எதிரெதிர் முகாம்களிலிருந்து வந்து கைகோத்த வரலாறு அந்த எழுத்துகளின் நடுவே நிற்கிறது. அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பை அதன் நிழலில் வைத்து வாசித்ததால், அதன் பாரமான பகுதி கவனிக்கப்படாமல் போயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீதிமன்றத்தின் முன் மூன்று கேள்விகள் இருந்தன. பள்ளிகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற அரசமைப்பு விதி மீறப்பட்டதா, பொதுப்பணம் பொதுநோக்கத்துக்குச் செலவாகிறதா என்ற இரண்டையும் ஆய்வாளர்கள் விரிவாக அலசியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி அரசமைப்பின் நான்காம் பிரிவு, 18ஆம் கூறு பற்றியது. தனியாருக்கோ ஒரு வட்டாரத்துக்கோ உரிய மசோதா ஒரே பொருளைத்தான் தொட வேண்டும், அப்பொருள் தலைப்பிலேயே தெரிய வேண்டும் என்கிறது அக்கூறு. மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தைச் செல்லாது என்றது இந்தக் கூறின் பேரில்தான். மில்வாக்கிக்கு மட்டும் பொருந்தும் ஒரு திட்டம், 1990இல் பட்ஜெட் திருத்த மசோதாவுக்குள் வைத்து நிறைவேற்றப்பட்டிருந்தது.

உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை இரண்டு படிகளில் கடந்தது. திட்டம் பட்ஜெட்டுக்குள் மறைத்துக் கடத்தப்பட்டதல்ல என்பது முதற்படி. தனி மசோதாவாக அது பேரவையில் விவாதிக்கப்பட்டு நிறைவேறியிருந்ததை இதற்குச் சான்றாகக் கொண்டது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தனி மசோதா செனட்டைத் தாண்டிச் சட்டமாகவில்லை. தனி வழியில் முடிவை எட்டாத ஒரு முயற்சி, பட்ஜெட் வழியில் வந்தபோது ‘போதிய விவாதம் நடந்தது’ என்பதற்கு அத்தாட்சியாக மாறிவிட்டது. ஓர் அவையின் விவாதத்தை இரண்டு அவைகளின் கணக்கிலும் வரவு வைத்த இந்த நகர்வே தீர்ப்பின் ஆணிவேர் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் படி வகைப்பாடு. சட்டத்தின் சொற்களில் மில்வாக்கி இல்லை, ‘முதல் வகுப்பு நகரம்’ இருக்கிறது. அவ்வகுப்பில் பிற நகரங்களும் பின்னாளில் சேரலாம் என்பதால் இது வட்டாரச் சட்டமல்ல என்றது பெரும்பான்மை. வாதத்தில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் மாடிசன் நகரின் மக்கள்தொகை அவ்வகுப்புக்கான 1,50,000 என்ற வரம்பை என்றோ தாண்டிவிட்டது, இன்றுவரை அது முதல் வகுப்பு நகரமாகவில்லை. திட்டம் 2011இல் ரசீனுக்கு விரிந்தபோது அந்நகரம் முதல் வகுப்புக்கு உயர்ந்துவிடவில்லை. அவ்வாண்டின் பட்ஜெட் சட்டத்தில் புதிய வாசகங்கள் எழுதப்பட்டன, அவ்வளவுதான். திறந்திருப்பதாக நீதிமன்றம் சொன்ன வாசல் வழியாக ஒரு நகரமும் நுழையவில்லை. பெரிய விரிவுகள் வந்தது பட்ஜெட் வழியாகவே: 1995இல் சமயப் பள்ளிகள், 2011இல் ரசீன், 2013இல் மாநிலம் முழுவதும். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பிரிந்த நீதிமன்றத்தின் சிறுபான்மை, வகைப்பாட்டை ஏற்க மறுத்தது வீண் பிடிவாதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்ஜெட்டில் கொள்கையைச் செருகும் பழக்கம் 1992க்கு முன்பே உண்டு என்று சொல்லலாம். உண்டுதான். பழக்கம் வேறு, அதற்குக் கிடைத்த நீதிமன்ற ஒப்புதல் வேறு.

இன்னொரு மறுப்பு கனமானது. 18ஆம் கூறு தனியார், வட்டாரச் சட்டங்களுக்கு மட்டுமே உரியது. எடுத்துக்காட்டாக, 1997 பட்ஜெட்டில் பிறந்த பேட்ஜர்கேர் மருத்துவக் காப்பீடு மாநிலம் தழுவியது, அதற்கும் டேவிஸ் தீர்ப்புக்கும் சட்டத் தொடர்பு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நான் காட்ட விரும்புவது தீர்ப்பு காட்டும் மனப்பாங்கை: விவாதம் எங்காவது நடந்திருந்தால் போதும் என்ற மனப்பாங்கு. 2013இன் 20ஆம் சட்டம் பள்ளித் தேர்வை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. கூட்டாட்சி அரசு முன்வைத்த மெடிக்எய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கத்தை ஏற்காமல், வறுமைக்கோட்டு வருமானம் வரையுள்ள பெரியவர்களுக்கு மட்டும் பேட்ஜர்கேர் என்று நிறுத்தியதும் அதே சட்டம்தான். சட்டமன்றத்தின் பதினாறு பேர் கொண்ட கூட்டு நிதிக் குழு 2023 மே மாதம் ஆளுநர் டோனி எவர்ஸின் பட்ஜெட்டிலிருந்து 500க்கும் மேற்பட்ட முன்மொழிவுகளை ஒரே வாக்கெடுப்பில் நீக்கியது. மெடிக்எய்ட் விரிவாக்கமும் அதில் ஒன்று. கோட்டுக்குச் சற்று மேலே சம்பாதிக்கும் ஒரு தொழிலாளியின் மருத்துவச் செலவு, தனக்கென ஒரு வாக்கெடுப்பைக்கூடப் பெறவில்லை. இதை நடைமுறைச் சிக்கனம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

பட்ஜெட் வழிக்கு விலையும் உண்டு, அதைச் சட்டமன்றமே கொடுத்தது. ஆளுநரின் பகுதி ரத்து அதிகாரம் நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களுக்கு மட்டுமே உரியது. பள்ளி மாவட்டங்கள் திரட்டக்கூடிய வருவாய்க்கு விதிக்கப்படும் வரம்பு ஒதுக்கீடு அல்ல. அது ஒதுக்கீட்டு மசோதாவில் இருந்ததாலேயே எவர்ஸின் பேனா 2023இல் அதைத் தொட முடிந்தது. இரண்டு கல்வியாண்டுகளுக்கு மாணவருக்கு 325 டாலர் உயர்வு என்ற வாசகத்தில் சில சொற்களையும் எண்களையும் ஒரு சிறு கோட்டையும் அடித்து, ஆண்டுதோறுமான உயர்வை 2425 வரை நீட்டினார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் லெமியூ எதிர் எவர்ஸ் வழக்கில், மீண்டும் நான்குக்கு மூன்றாக, அதைச் செல்லும் என்றது. வருவாய் வரம்பை ஒதுக்கீடு ஏதுமில்லாத தனி மசோதாவில் வைத்திருந்தால், ஆளுநர் அதை முழுதாக ஏற்கவோ முழுதாக மறுக்கவோ மட்டுமே முடிந்திருக்கும்.