போர் நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? – ஒரு வாசகனின் அனுபவம்

நாம் வாழும் இந்த ஊரின் பெயர் எழுத்தில் முதன்முதலாக எங்கே வருகிறது தெரியுமா? பேகூர்க் கோயிலில் உள்ள ஒரு பழங்கன்னட வீரக்கல்லில். காலம் ஏறக்குறைய கி.பி. 890. 'பெங்களூர்ப் போர்' என்று அது குறிப்பிடுகிறது. நாகத்தன் என்பவனின் ஆள் ஒருவன் அந்தப் போரில் மாண்டான் என்கிறது. சண்டை எதற்காக, எதிரி யார், ஊர் ஜனங்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. ஆக, ஊரின் முதல் பதிவே ஒரு போர்ப் பதிவு. அதுவும் பாதிப் பதிவு.

போரைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வரும். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நாற்பது வருடமாக இந்த வகை நூல்களை வாங்கிச் சேர்த்தவன் என்பது அக்கம்பக்கத்தில் தெரியும். அல்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. 1780இல் தன் தொடக்கத்தை வைத்து எண்ணும் மதராஸ் பொறியாளர் படையின் தலைமையகம் இங்கேதான். 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த சாப்பர்களில் தமிழர்கள் ஏராளம். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் தொழில்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பையன் வந்தான். அவன் தாத்தா பட்டாளத்தில் பொறியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். "தாத்தா எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாரு அங்கிள். அங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு நல்ல புத்தகம் குடுங்க" என்றான். நானும் யோசிக்காமல் அலமாரியில் முதலில் கைக்கு வந்த ஒரு தளபதியின் நினைவுநூலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான் செய்த தவறு அது.

ஒரே மாதத்தில் பையன் அந்த நூலை மனப்பாடமாகவே பேச ஆரம்பித்துவிட்டான். அடுத்த தெருவில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் செய்வதில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு விசேஷ வீட்டில் இந்தப் பையன் அவரிடமே போரை விளக்கப் போனான். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நீங்கள் படிச்ச புத்தகத்தில எங்கட தீபாவளி இருக்கோ?" பையன் விழித்தான். பக்கத்தில் இருந்த எனக்குத் தலை குனிந்தது.

அவர் கேட்டது 1987 அக்டோபர் 21 பற்றி. அன்று தீபாவளி. யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என 60 முதல் 70 பேர் வரை இறந்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. இரு தரப்புச் சூட்டுக்கு இடையில் சிக்கி இறந்தார்கள் என்பது படைத்தரப்பின் விளக்கம். உள்ளே இருந்து உயிர் தப்பியவர்களின் சாட்சியம் வேறு விதமாக இருக்கிறது.

அந்த நாளுக்குப் பிறகுதான் போர் நூல் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் ஒழுங்காக யோசித்தேன். நம் மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. போரைப் பதிவு செய்ய நம் முன்னோர் பல வடிவங்கள் வைத்திருந்தார்கள். நடுகல் இறந்த வீரனைப் போற்றும். மெய்க்கீர்த்தி மன்னனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும். பரணி வென்றவனைப் பாடும். கலிங்கத்துப்பரணியைப் படித்தால் சயங்கொண்டாரின் தமிழில் சொக்கிப் போவோம். ஆனால் கலிங்கத்துக் குடியானவன் அந்தப் போரை எப்படிக் கண்டான் என்பது அதில் கிடைக்காது. இன்றைய போர் நூல்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ரெஜிமெண்ட் வரலாறுகள் நடுகல் போல. தளபதிகளின் நினைவுநூல்கள் பெரும்பாலும் மெய்க்கீர்த்தி, சில சமயம் தோற்றவரின் தன்னிலை விளக்கம். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வீரக்கதைகள் பரணி. ஒவ்வொன்றுக்கும் பயன் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் படிப்பதில்தான் ஆபத்து.

1962 சீனப் போரை எடுத்துக்கொள்வோம். பழகிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. வடகிழக்கு எல்லையில் நான்காவது கோர் படைக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் பி.எம். கௌல் 1967இல் 'தி அன்டோல்டு ஸ்டோரி' எழுதினார். அக்டோபர் 20 அன்று நம்காசூ ஆற்றங்கரையில் தாக்குதல் தொடங்கியபோது அவர் உடல்நலமின்றி டெல்லியில் இருந்தார். அதே ஆற்றங்கரையில் ஏழாவது பிரிகேடை நடத்திய பிரிகேடியர் ஜே.பி. தால்வி 22ஆம் தேதி சீனரிடம் சிறைப்பட்டு, 1963 மே மாதம்தான் விடுதலையானார். அவர் 1969இல் எழுதியது 'ஹிமாலயன் பிளண்டர்'. பனிமலையில் கோடைக்கால உடையும் ஆளுக்கு 50 தோட்டாவுமாக நிறுத்தப்பட்ட வீரர்களைப் பற்றி அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தால்விக்கு மேலே டெல்லியில் என்ன நடந்தது என்பதை அவர் நேரில் கண்டவரல்ல.

அடுத்து லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் டெல்லி நிருபராக இருந்த நெவில் மேக்ஸ்வெல். 1970இல் வந்த அவருடைய 'இந்தியாஸ் சைனா வார்' இந்தியாவின் மீதே பெரும்பழியைச் சுமத்தியது. வெளியிடப்படாத ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கையைப் பார்த்து எழுதியவர் அவர். அது அந்த நூலின் பலம். சீனத் தரப்பின் உள் ஆவணங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது பலவீனம். ஒரு வீட்டின் கதவு மட்டும் திறந்திருந்தால் அந்த வீட்டுக் குப்பைதானே கண்ணில் படும்? 2014இல் அந்த அறிக்கையின் ஒரு பகுதியை அவரே வெளியிட்டார். அரசு இன்னும் அதை வெளியிடவில்லை.

பின்னர் 2010இல் ஸ்ரீநாத் ராகவனின் 'வார் அண்ட் பீஸ் இன் மாடர்ன் இந்தியா' வந்தது. ஆசிரியர் முன்னாள் காலாட்படை அதிகாரி; ஆவணக் காப்பகங்களில் உழைத்து எழுதும் வரலாற்றாளர். 48 வருடம் கழித்து எழுதியதால் யாரையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நூல் வெளியான ஆண்டை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். போர் முடிந்த சூட்டில் வருவது சாட்சியம். காப்பகம் திறந்த பின் வருவதுதான் பெரும்பாலும் வரலாறு. இரண்டும் வேண்டும்.

கார்கில் போர் இதற்கு மாறான உதாரணம். 1999 ஜூலையில் போர் முடிந்தது. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான ஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கே வந்துவிட்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தாலும், உளவுத்துறை எங்கே சறுக்கியது என்பதைப் பொதுமக்கள் படிக்க முடிந்தது. 2006இல் அன்றைய தரைப்படைத் தளபதி வி.பி. மாலிக் எழுதிய நூலை அந்த அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இனி நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் இருந்து 1990 மார்ச்சில் கடைசி வீரர் கப்பலேறியது வரையிலான அமைதிப்படைக் காலத்தில் ஏறக்குறைய 1200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். உயிரிழந்த ஈழத்தமிழ்ப் பொதுமக்களின் கணக்கு இன்னும் யாரிடமும் ஒழுங்காக இல்லை. இதுபற்றி முக்கியமானவர்கள் எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். ஒட்டுமொத்தப் பொறுப்பில் இருந்த ஜெனரல் திபிந்தர் சிங்கின் நூல் 1992இல் வந்தது. கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். டிக்ஸித்தின் 'அசைன்மென்ட் கொழும்பு' 1998இல் வந்தது. முதலில் இறங்கிய 54ஆவது டிவிஷனின் தளபதி ஹர்கிரத் சிங்கின் நூல் அதற்கும் பின்னால் வந்தது.

இந்த மூவரையும் தனித்தனியே படித்தால் மூவரும் சரி என்றே தோன்றும். 1987 அக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படை வீரர் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். அந்த இரவுக்குத் தளபதிகள் உளவுத் தகவலையும் மேலிடத்து அவசரத்தையும் காரணம் காட்டுகிறார்கள். தூதரின் நூலிலோ, புலிகளைக் குறுகிய காலத்தில் அடக்கிவிடலாம் என்று படைத்தலைமைதான் நம்பிக்கை அளித்ததாக வருகிறது. பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி டிக்ஸித் தன்னிடம் சொன்னதாக ஹர்கிரத் சிங் எழுதுகிறார். டிக்ஸித் 2005 ஜனவரியில் காலமானார். நூல் வந்தது அதற்குப் பிறகு. அவர் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லாதபோது எழுதியது என்பதை வாசகன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இவர்கள் யாருமே அந்த அக்காவின் கேள்விக்கு முழுப் பதில் சொல்வதில்லை. அதற்கு 'முறிந்த பனை'யைத்தான் எடுக்க வேண்டும். யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு எழுதிய நூல் அது. ஆங்கிலத்தில் 1990இல் வந்தது, பின்னர் தமிழிலும் வந்தது. மருத்துவமனைச் சம்பவம் அதில் இருக்கிறது. இந்தியப் படையை மட்டுமல்ல, புலிகளையும் மற்ற இயக்கங்களையும் அது விட்டுவைக்கவில்லை. நால்வரில் ஒருவரான உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜனி திரணகம, நூல் அச்சாகி வருவதற்கு முன்பே 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தரப்பையே கேள்வி கேட்ட நூலுக்கு என்ன விலை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இப்போது யாராவது போர் நூல் கேட்டால், வாங்கும் முன் சில விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று, ஆசிரியர் அந்தப் போரில் எங்கே நின்றார், எதைக் காப்பாற்ற எழுதுகிறார்? இரண்டு, எதிர்த்தரப்பாரின் பெயரும் அவர்களுடைய ஆவணமும் நூலில் உண்டா, அல்லது 'எதிரி' என்ற ஒரே சொல்லோடு சரியா? மூன்று, நல்ல வரைபடம் இருக்கிறதா? இடம் புரியாமல் போர் புரியாது. நான்கு, சோறு, செருப்பு, சாலை, தோட்டா பற்றிய பேச்சு இருக்கிறதா? வீரத்தை மட்டும் பேசும் நூல், தோல்வி ஏன் வந்தது என்று சொல்லாது. ஐந்து, சண்டை நடந்த ஊரில் குடியிருந்தவர்கள் எத்தனை பக்கத்தில் வருகிறார்கள்? ஆறு, தங்கள் தவறு என்று ஆசிரியர் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றாவது உண்டா? இவை எல்லாவற்றிலும் தேறும் நூல் அபூர்வம். அதனால் ஒரு போருக்கு ஒரு புத்தகம் போதாது. குறைந்தது மூன்று: கட்டளையிட்டவர் எழுதியது ஒன்று, அடி வாங்கிய ஊர்க்காரர் எழுதியது ஒன்று, பிற்காலத்தில் ஆவணம் பார்த்து எழுதியது ஒன்று.

அந்தப் பையனிடம் நானே போய், "தம்பி, பாதிதான் குடுத்தேன், மீதி இந்தா" என்று 'முறிந்த பனை'யையும் டிக்ஸித்தையும் கொடுத்தேன். இரண்டையும் அவன் தாத்தாவும் வாங்கிப் படித்தாராம். ஒரு நாள் மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது என்னை நிறுத்திப் பேசினார்.

"அந்த ஜெனரல் எழுதினது பொய்யில்ல சார். அவரு இருந்த எடத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நாங்க ரோட்டுல குனிஞ்சு கண்ணிவெடி தேடிக்கிட்டு இருந்தோம். எங்களுக்குத் தெரிஞ்சது அந்த நாலடி மண்ணு. வீட்டு வாசல்ல நின்ன கெழவி ஒருத்தி தமிழ்ல, 'நீயும் தமிழனோ?'ன்னு கேட்டா. அதுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் பதில் சொல்லல."

இந்தக் கிழவி எந்த நூலிலும் வரமாட்டாள். அதனால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாளத்தில் இருந்து வந்தவர் இருந்தால், யுத்தத்தில் இருந்து தப்பி வந்தவர் இருந்தால், அவர்கள் பேசத் தயாராகும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வையுங்கள். தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவோடு உட்கார்கிறான். ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. போன தீபாவளிக்கு அடுத்த நாள், அந்த அக்கா வீட்டுக்கும் ஒரு புது நோட்டு எடுத்துக்கொண்டு போனானாம்.